மாப்பிள்ளை வீட்டுச் சுவர்

என் தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பதினேழு வருடமாக ஒரே கம்பெனி, ஒரே நீலச் சட்டை, ஒரே டார்ச். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் 'மறுபடி'. ஒரு லிஃப்டைச் சரிசெய்து முடித்ததும் மற்றவர்கள் ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்ப்பார்கள். இவர், "மறுபடி ஒரு தடவை பாத்துடலாம்" என்பார். தானே தனியாக ஏறி, மேலே போய், கீழே வந்து, காதைத் தகரத்தோடு ஒட்டி வைத்துக் கேட்டு, மூன்று தடவை இப்படி ஆன பிறகுதான் ஆட்களை ஏற விடுவார். கட்டடத்துக்காரர்கள் கீழே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவர் கை வைத்த லிஃப்ட் ஒன்றுகூட நடுவழியில் நின்றது கிடையாது. இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டிலும் இதே கூத்துதான். கேஸை மூடினோமா, குழாயை அடைத்தோமா, பூட்டு சரியாக விழுந்ததா என்று இரண்டு மாடி இறங்கியவர் திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவரோடு ஓரிடத்துக்குக் கிளம்புவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். நான் பெயிண்டர். சுவர் காய்ந்ததா இல்லையா என்று என் மூக்கே சொல்லிவிடும். எதையும் இரண்டாவது முறை பார்க்கிற பொறுமை என் வம்சத்திலேயே கிடையாது. நடந்ததில் பாதிக் குழப்பம் அதனால்தான் வந்தது.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தையில்லை. டாக்டர்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்து, உடம்பும் மனசும் நொந்து, ஒரு நாள் என் தங்கை "போதும்" என்றுவிட்டாள். அன்றைக்கு அவள் முதலில் செய்த காரியம், படுக்கையறையில் யாரோ கொடுத்து மாட்டியிருந்த ஒரு குழந்தைப் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர்கூட ஏறவில்லை. தத்தெடுக்க எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் காத்திருந்த பிறகு, வீட்டைப் பார்க்க வருகிறோம் என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை என் வீட்டு வாசலில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்கு முகம் வெளுத்துப் போயிருந்தது.

"மச்சான், வீட்டுல அவங்க என்னத்தப் பாப்பாங்க?"

"வீட்டத்தான் பாப்பாங்க. வேற என்னத்தப் பாப்பாங்க?"

"இல்ல, அதுல என்னத்த?"

இவரோடு பேசி மாளாது என்று ஒரு வாரம் லீவு போட்டு அந்த வீடு முழுவதற்கும் நானே வெள்ளையடித்துக் கொடுத்தேன். சும்மா வெள்ளையில்லை. மேடுபள்ளம் மறைய இரண்டு கை பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் இரண்டு கோட்டு. கூடத்து நீளச் சுவர் முட்டை ஓடு மாதிரி வந்திருந்தது. இருபத்தைந்து வருடத் தொழிலில் அப்படி ஒரு சுவர் எனக்கு அமைந்ததில்லை.

தத்து அலுவலகத்து அதிகாரியம்மா ஒரு சனிக்கிழமை வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தங்கை வேலைக்குப் போவாளா, மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வருவார், குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் யார் லீவு போடுவது என்றெல்லாம் கேட்டார். பதில்கள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. பிறகு எழுந்து, கூடத்து நீளச் சுவரின் முன்னால் போய் நின்றார். நின்றார் என்றால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கையை நீட்டிச் சுவரைத் தடவிப் பார்த்தார். அப்புறம் நாற்காலிக்குத் திரும்பி ஃபைலில் ஏதோ எழுதினார். நிறைய எழுதினார். "இன்னொரு தடவை வருவேன், மூணு வாரத்துல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொடுத்த டீயில் பாதி அப்படியே இருந்தது.

அன்று மாலை அந்த டீ கிளாஸை நடுவில் வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"அந்தச் சுவத்துல என்னத்த அண்ணே பாத்தாங்க?" என்றாள் தங்கை.

முதலில் எனக்குப் பெருமைதான். என் பட்டி வேலையைப் பார்த்து அந்தம்மா அசந்துபோய் நின்றுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அசந்து போனவர் முகம் அப்படி இருக்காதே என்று அப்புறம் தோன்றியது. யோசிக்கவெல்லாம் இல்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அங்க பாக்குறதுக்கு என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல. அதத்தான் பாத்திருக்காங்க. ஒரு படம் உண்டா, ஒரு போட்டோ உண்டா? ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குது வீடு. மனுஷங்க வாழுற வீடு மாதிரி இல்லன்னு எழுதியிருப்பாங்க."

சொன்னதும் எனக்கே அது சத்தியம் போலப் பட்டது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். "ஆமா மச்சான். ஆமா" என்றார். இப்படித்தான் எங்கள் படம் தேடும் படலம் ஆரம்பித்தது.

கடைத்தெருவின் கடைசியில், மாடிப்படிக்கு அடியில் ஒரு படக்கடை. கண்ணாடி வெட்டிச் சட்டம் போட்டுத் தருகிறவர் நடத்துவது. கூரையிலிருந்து தரை வரைக்கும் படங்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை மூவரும் அங்கே போனோம். கடைக்காரர் நல்ல மனுஷர், முதல் ஞாயிறு மட்டும்.

முதலில் ஒரு அருவிப் படம் எடுத்துக் காட்டினார். பக்கத்தில் ஒரு சின்ன மர வீடு.

"நல்லாருக்கே" என்றேன்.

மாப்பிள்ளை கண்ணாடியோடு மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். "வீட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல வேலியே இல்ல மச்சான். பாதுகாப்புப் பத்தி அக்கறை இல்லாதவங்கன்னு நெனச்சிட்டா?"

"அது படம் மாப்ள!"

"படம்தான். ஆனா நாமதானே தேர்ந்தெடுத்து மாட்டியிருக்கோம்?"

அடுத்து நான்கு குதிரைகள் பாய்ந்து வருகிற படம். "தறிகெட்டு ஓடுது. இதப் பாத்தா வீட்டுல நிம்மதி இருக்குமான்னு கேப்பாங்க." அடுத்து ஒரு பூச்சாடி. "பூவெல்லாம் தலையத் தொங்கப் போட்டிருக்கு." அதற்கடுத்து வெறும் வண்ணத் திட்டுகள், இப்போது இதுதான் பெரிய இடங்களில் ஓடுகிறது என்றார் கடைக்காரர். நான் வேலை முடித்து பிரஷ் துடைக்கிற துணியை இதைவிட நன்றாக மாட்டலாம் என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

கோபத்திலோ அவசரத்திலோ அடுத்து அவர் உருவியது ஒரு குழந்தைப் படம். தொட்டிலில் கையைச் சப்பிக்கொண்டு சிரிக்கிற குழந்தை. தங்கை சட்டென்று திரும்பி, கடைக்கு வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டாள். நான் பின்னாலேயே போனேன்.

"அத மாட்டினா கெஞ்சுற மாதிரி இருக்கும் அண்ணே" என்றாள். "எனக்குக் கெஞ்சுறதுக்கு வெக்கமில்ல. ஆனா இத்தன வருஷம் கழிச்சு மறுபடி தினமும் அது முகத்துல முழிக்க என்னால முடியாது." அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றிருந்தது. வெயில் ஜாஸ்தியா இருக்கு, உள்ள வா என்றேன். என் திறமை அவ்வளவுதான்.

உள்ளே வந்தவள் மூலையில் கிடந்த ஒரு சின்னப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். மழையில் ஒரு தடித்த வாத்து, ரோட்டுக்கு நடுவில், யாருக்கோ வழிவிட மாட்டேன் என்பது போல நிற்கிறது. "எவ்வளவு திமிரு பாருங்க இதுக்கு" என்றாள். மாப்பிள்ளையும் சிரித்தார். அந்த மூன்று வாரத்தில் அவர் பல்லைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உடனே முகம் மாறிவிட்டது.

"தனியா நிக்குதும்மா. கூட யாருமே இல்ல. அதுவும் ரோட்டுக்கு நடுவுல."

தங்கை வாத்தைத் திரும்ப மூலையில் வைத்தாள். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு நான்தானே விதை போட்டேன்.

கடைசி ஞாயிறு அவர் தேர்ந்தெடுத்தது ஐந்தடி அகலத்தில் ஒரு சாலை. இரண்டு பக்கமும் மரம், நடுவில் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிற பாதை. ஆள் இல்லை, வண்டி இல்லை, வானத்தில் மேகம் இல்லை. அப்படி ஒரு ஊமைப் படத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் அதை மூன்று தடவை, மூன்று தூரத்தில் நின்று பார்த்தார்.

"இதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று தங்கை கேட்டாள்.

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன். அவருக்குத் தோன்றாவிட்டாலும் எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

அதிகாரியம்மா சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை படத்தை மாட்ட ஆரம்பித்தார். உலகத்தில் எல்லாரும் ஒரு ஆணி அடித்துப் படம் மாட்டுவார்கள். இவர் லிஃப்டுக்குத் தண்டவாளம் நிறுத்துகிறவர், ஆணியை நம்புவாரா? விழுந்து குழந்தை தலையில் பட்டால் என்ன ஆவது என்று கம்பெனியிலிருந்து பெரிய டிரில்லிங் மெஷினையும் நான்கு ஆங்கர் போல்ட்டையும் வாங்கி வந்திருந்தார். அரை டன் எடையைத் தாங்குகிற போல்ட். படத்தின் எடை நாலு கிலோ. முதல் ஓட்டை சரியாக விழுந்தது. இரண்டாவது ஓட்டை, சுவருக்குள் சமையலறைக்குப் போகிற தண்ணீர்க் குழாயில் விழுந்தது.

தங்கை போன் செய்து அழுததில் எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால் கூடம் குளமாகக் கிடக்கிறது. மாப்பிள்ளை தலையிலிருந்து கால் வரை நனைந்து, உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். கை இடுக்கு வழியாகத் தண்ணீர் பீய்ச்சுகிறது. மெயின் வால்வை மூட வேண்டும் என்று கூட அவருக்கு ஓடவில்லை. எத்தனையோ ஆபத்தைச் சமாளித்த மனுஷர். நான் போய் மூடினேன். பிளம்பர் வந்து குழாயை மாற்றுவதற்காக என் முட்டை ஓட்டுச் சுவரை ஒரு கை நீளத்துக்கு உடைத்தான். ஒவ்வொரு சுத்தியல் அடியும் என் நெஞ்சில் விழுந்தது. உடைத்ததைச் சிமெண்டால் பூசிவிட்டுப் போனான்.

விடிந்ததும் நான் பட்டியோடு போய் நின்றேன். ஈரச் சிமெண்டில் பட்டி ஒட்டுமா? ஒட்டவில்லை. வெள்ளைச் சுவருக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் பெரிய திட்டு, சுற்றிலும் ஈரம் பரவிப் பழுப்பாகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் சோபாவை அந்த இடத்துக்கு நகர்த்தி, அதன் முதுகில் படத்தைச் சாய்த்து வைத்துத் திட்டை மறைத்தோம். அவ்வளவு தேடி வாங்கிய படம் கடைசியில் அடைப்புப் பலகையாகத்தான் உதவியது.

அதிகாரியம்மா கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். என்னால் வெளியே போக முடியவில்லை. கையெல்லாம் பட்டியோடு சமையலறைக் கதவோரம் நின்றுகொண்டேன். அவர் உள்ளே வந்ததும் நேராகப் படத்தைப் பார்த்தார்.

"இது புதுசா?"

"ஆமா மேடம்" என்றாள் தங்கை.

"ஏன் சோபா மேல வச்சிருக்கீங்க? மாட்டலையா?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குப் பொய் வராது. வாயைத் திறந்தார், திறந்த வாயை மூட முடியவில்லை. போன தடவை அந்தம்மா சுவரைப் பார்த்தது, நாங்கள் பயந்தது, மூன்று ஞாயிறு, அருவிக்கு வேலி இல்லாதது, குதிரை, போல்ட், குழாய், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினார். "எங்க யாருக்குமே இந்தப் படம் பிடிக்கல மேடம். உங்களுக்காகத்தான் வாங்கினோம்" என்று முடித்தார். போச்சு, இந்த மனுஷன் பதினோரு வருடக் காத்திருப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். கோபம் வந்தது. அதைவிட அழுகை வந்தது.

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு பெண் குழந்தை இருக்கா" என்றார். "அஞ்சு வயசு. உங்களுக்குன்னு யோசிச்சு வச்சிருக்கேன். போன வருஷம் ஒரு வீட்டுக்குப் போனா. நாலு மாசத்துல திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க."

"எதுக்கு?" என்றாள் தங்கை.

"பல காரணம் சொன்னாங்க. அதுல ஒண்ணு, சுவர் பூரா கிறுக்குறாள்னு. எழுதியே குடுத்திருக்காங்க, ஃபைல்ல இருக்கு. அன்னைக்கு இந்தச் சுவரைப் பாத்தேன். இவ்வளவு வெள்ளையா ஒரு சுவரை நான் பாத்ததில்ல. தொட்டா என் கை பட்டு அழுக்காயிடுமோன்னு இருந்துச்சு. இந்த வீட்டுல அவள எப்படி விடுறதுன்னு எனக்குப் பயமாயிடுச்சு." அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். "இப்பச் சொல்லுங்க. அவ கிறுக்குவா. என்ன பண்ணுவீங்க?"

"பரவாயில்ல மேடம்" என்று எவனும் சொல்லிவிடுவான். அந்த முதல் வீட்டுக்காரர்களும் சொல்லித்தான் இருப்பார்கள். மாப்பிள்ளை போய் சோபாவை இழுத்து, அந்த ஐந்தடிப் படத்தைத் தூக்கித் தரையில் வைத்தார். சாம்பல் திட்டு, உடைந்த விளிம்பு, ஈரக்கறை எல்லாம் அம்மணமாக நின்றன.

"நாற்பத்தி மூணு வயசு எனக்கு. ஒரே சாயங்காலத்துல இதப் பண்ணியிருக்கேன்" என்றார். "அஞ்சு வயசுப் பிள்ள கையில ஒரு பென்சில வச்சிக்கிட்டு இதவிட என்ன மேடம் பண்ணிடும்?"

அதிகாரியம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார். தங்கை அழுதுகொண்டிருந்தாள். அன்று டீயை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார்.

காகிதமெல்லாம் முடிய இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சிமெண்ட் காய்ந்ததும் கை சும்மா இருக்கவில்லை. குழந்தை வருகிற நேரத்தில் வீடு பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று பட்டி பார்த்து, தேய்த்து, கூடம் முழுக்க மறுபடி இரண்டு கோட்டு வெள்ளை அடித்துவிட்டேன். தங்கை "எதுக்கு அண்ணே?" என்றாள். "நீ சும்மா இரு" என்றேன்.

குழந்தை வந்தாள். மெலிசாக, காதோரம் கத்தரித்த முடியோடு, ஒரு துணிப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. கூடத்துக்குள் வந்து, புதுப் பெயிண்ட் வாசனையை இழுத்து, அந்தச் சுவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்படியே இருந்தாள். நடந்தால் அறையின் நடுவில் நடப்பாள். சுவர்ப் பக்கம் ஒதுங்க மாட்டாள். படுக்கையைச் சுவரோரம் போட்டிருந்தார்கள், காலையில் பார்த்தால் மறு ஓரத்தில் விழுந்துவிடுகிற மாதிரி ஒட்டிப் படுத்திருப்பாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவாள். செருப்பை நேராக வைப்பாள். தங்கை இருபத்துநாலு கலர் கிரேயான் வாங்கி வைத்தாள். நோட்டில் கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டிவிட்டு, எண்ணி, வரிசையாக டப்பாவில் அடுக்கிவிடுவாள்.

மாதம் ஒரு முறை பார்க்க வந்த அதிகாரியம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "ரொம்ப நல்ல பிள்ளையா இருக்கா" என்றார். "அதான் எனக்குக் கவலை. இன்னும் இத தன் வீடுன்னு நம்பல."

மாப்பிள்ளை அதைக் கேட்ட நாளிலிருந்து வேலை விட்டு வந்ததும் டார்ச் அடித்துச் சுவர்களைப் பார்க்க ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே. எங்காவது ஒரு கோடு, ஒரு புள்ளி. எல்லாரும் எது இருக்கக் கூடாது என்று பார்ப்பார்களோ அது இருந்துவிடாதா என்று மண்டியிட்டுத் தேடினார். "சுத்தமா இருக்கு மச்சான்" என்று தினம் எனக்குப் போன் வரும். ஏதோ கெட்ட சேதி சொல்கிற மாதிரி சொல்வார்.

"நாம எழுதிக் காட்டுனா என்ன?" என்று தங்கைதான் யோசனை சொன்னாள். மாப்பிள்ளை கிரேயானை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார், எங்கே ஆரம்பிப்பது என்று முடிவாகவில்லை. "நீ வாண்ணே" என்றாள். நான் அடித்த சுவரில் நானே கிறுக்குவதா? இருந்தாலும் ஒரு நீலக் கிரேயானை எடுத்துச் சுவர் நடுவில் ஒரு பூனை வரைந்தேன். மீசை வைத்தேன். "பாப்பா, மாமா பூனை பாத்தியா? எப்படி இருக்கு?" என்று திரும்பினேன்.

அவளைக் காணோம். சமையலறையிலிருந்து ஈரத்துணியோடு ஓடி வந்தாள். எட்டாத பூனையை எக்கி எக்கித் துடைத்தாள். நீலம் இழுபட்டுப் பரவியது. துணி போதாமல் தன் கவுனைத் தூக்கித் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே சின்னக் குரலில், "மாமா, சீக்கிரம், அவங்க பாத்துட்டா உங்கள அனுப்பிடுவாங்க" என்றாள்.

நான் படியிறங்கி வந்து தெருவில் நின்று அழுதேன். என்னுடைய வெள்ளையை அன்றைக்கு வெறுத்த மாதிரி எதையும் வெறுத்ததில்லை. உள்ளே என்ன நடந்ததென்று தங்கை அப்புறம் சொன்னாள். மாப்பிள்ளை குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நீலக் கறையைக் காட்டி, "இது இங்கயே இருக்கட்டும். மாமாவும் எங்கயும் போக மாட்டார். இந்த வீட்டுலேருந்து யாரையும் அனுப்புறது கிடையாது" என்றாராம். அவள் தலையாட்டினாளாம். நம்பினதாகத் தெரியவில்லை என்றாள் தங்கை.

ஐந்தாவது மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம். ஒரு பள்ளிக்கூட மாடிப்படியில் ஏணி மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளை போன். அவர் வேலை நேரத்தில் போன் செய்கிற ஆள் இல்லை.

"மச்சான்" என்றார். அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது.

"என்ன மாப்ள? பாப்பாவுக்கு என்ன?"

"எழுதிட்டா."

ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க?"

"படுக்கையறைக் கதவுக்குப் பின்னாடி. தரையோரமா. திங்கக்கிழமை பாத்தேன். பச்சை கலர்ல ஒரு கோடு. எறும்பு நீளம்தான் இருந்துச்சு. நான் அவ அம்மாகிட்டகூடச் சொல்லல. நாம பாத்தது தெரிஞ்சா அழிச்சிடுவாளேன்னு பயம். செவ்வாய்க்கிழமை போய்ப் பாத்தேன், அழிக்கல. இன்னைக்கு அவளுக்குச் சளி, நான் லீவு போட்டிருக்கேன். இப்பத்தான் தூங்குறா. போய்ப் பாத்தேன் மச்சான்..." மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "பக்கத்துல சிவப்புல இன்னொண்ணு போட்டிருக்கா. பெருசா. என் கை அகலம் இருக்கும்."

"என்ன வரஞ்சிருக்கா?"

"தெரியல. கோழியா இருக்கலாம், பஸ்ஸா இருக்கலாம். கால் மாதிரி ஏதோ இருக்கு, ஆனா ஏழு இருக்கு."

சிரித்தேனா அழுதேனா என்று கீழே நின்றவர்களைக் கேட்டால்தான் தெரியும். "நான் சாயங்காலம் வந்து பாக்கட்டுமா?" என்றேன்.

"வாங்க" என்றார். "ஆனா பிரஷ், டப்பா, உப்புத்தாள் எதுவும் கொண்டுவராதீங்க. கையக் கழுவிட்டு வாங்க. பெயிண்ட் வாசனையே வேணாம்."